சிரிப்பு என் பேச்சைக் கேட்காத நாட்கள்

எங்கள் பேகம்பூர் பக்கம் ஒரு பெண் மௌத்தாகிவிட்டால், மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். பெண்ணைப் பெண்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். எனக்குத் தொழில் தையல். இது நன்மையை நாடிச் செய்வது, கூலி கிடையாது. இதைச் செய்யக் கை நடுங்கக் கூடாது, முகம் மாறக் கூடாது. போனவரின் மகளோ மருமகளோ பக்கத்தில் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருப்பாள். அவள் மையத்தைப் பார்ப்பதைவிட நம் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பாள். நாம் அமைதியாக இருந்தால் அவளும் தாங்கிக்கொள்வாள். "நூர்ஜஹான் அக்கா வந்துட்டாக, இனி அவுக பாத்துக்குவாக" என்று வாசலில் யாராவது சொல்வது காதில் விழும்போது எனக்குள் கொஞ்சம் பெருமை இருக்கும். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அன்று காலையும் அப்படித்தான் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வயதான ஒரு அம்மா. ஒருக்களித்துத் திருப்பி, முதுகுக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்தேன். பின்தலையில் வலி ஒன்று எழுந்தது, அதோடு சுவர்கள் சுற்ற ஆரம்பித்தன. பிடித்துக்கொள்ளச் சுவரை நோக்கிக் கையை நீட்டினேன். கை சுவருக்குப் போகவில்லை, ஒரு முழம் தள்ளிக் காற்றில் போய் நின்றது. ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாந்தி வந்தது. மையத்தின் மேல் பட்டுவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

என் கணவர் சலீம் தோல் குடோனில் கணக்குப் பார்க்கிறவர். ஃபோன் போனதும் வந்து, ஆட்டோவில் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். வெயிலும் பட்டினியும் சேர்ந்துகொண்டது, காதுக்குள் இருக்கும் நீர் கொஞ்சம் கலங்கியிருக்கும், அதனால்தான் சுற்றுகிறது என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றி, தலைசுற்றலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. நானும் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன். திறந்தால் ஃபேன் ஒரு பக்கமாக ஓடி ஓடித் திரும்பியது.

மறுநாள் விடிந்ததும் எழுந்து நின்றேன், வலது பக்கமாகச் சாய்ந்து பீரோவில் மோதினேன். என் மகள் ஆயிஷா கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், ஓடி வந்து பிடித்தாள். "ஒண்ணுமில்ல, விடு" என்றேன். அவள் கையில் இருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டாள்.

"ஏம்மா இப்பிடிப் பேசுற?"

எனக்குச் சரியாகப் பேசியதாகத்தான் பட்டது. இன்னொரு முறை சொன்னேன். அப்போதுதான் என் காதிலும் விழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, நாக்கு ஒவ்வொன்றையும் தேடி எடுத்து வைப்பதுபோல வந்தது. வலது காது அடைத்தாற்போல் இருந்தது. ஆயிஷா அவள் அத்தா சலீமைக் கத்திக் கூப்பிட்டாள்.

இந்த முறை பெரிய மருத்துவமனை. ஒரு பெண் டாக்டர், நரம்பு மருத்துவர், தன் விரலை என் முகத்துக்கு முன்னால் நீட்டினார். "என் விரலைத் தொடுங்க. அப்பறம் உங்க மூக்கைத் தொடுங்க." இடது கை தொட்டது. வலது கை அவர் விரலைத் தாண்டிப் போனது, திரும்பி வந்து என் கன்னத்தில் இடித்தது. இருபத்தைந்து வருடமாக ஊசியில் நூல் கோத்த கை அது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கேன் எடுக்க ஒரு குழாய்க்குள் தள்ளினார்கள். இரும்புப் பட்டறைக்குள் படுக்கவைத்ததுபோல நாலா பக்கமும் தட்டும் சத்தம். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உலகமே சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, அசைகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. ஓதலாம் என்று ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்து ஓதும் குர்ஆன் சூரா, பாதியில் அறுந்து போனது. அடுத்த வசனம் என்னவென்று தெரியும், ஆனால் அது இதற்கு அடுத்து வருகிறதா என்பது தெரியவில்லை.

சிறுமூளையில் ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, பக்கவாதம் என்றார் டாக்டர். சலீம் புரியாமல் நின்றார். "வாதம்னா கை கால் விழுந்துருமே டாக்டர். இவ காலை நல்லாத்தானே ஆட்டுறா?"

"பலம் அப்படியே இருக்கு. அளவுதான் போயிருச்சு. எம்புட்டு தூரம் நீட்டணும், எங்க நிறுத்தணும்ங்கிறதைப் பார்க்கிறது சிறுமூளை. தலைக்குப் பின்னால, பிடரிக்கு மேல இருக்கு. அங்க அடிபட்ட இடம் வீங்கும். இடம் ரொம்பச் சின்னது. வீங்கினா பக்கத்துல இருக்கிற மூளைத்தண்டை அழுத்தும். அப்படி ஆனா மண்டையோட்டைக் கொஞ்சம் எடுத்து இடம் பண்ணிக் கொடுக்கணும். அதுக்குத்தான் ஐசியூவுல வெச்சுப் பார்க்கப்போறோம்."

இதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன்.

ஐசியூவில் பகல் எது, இரவு எது என்று தெரியாது. வெளிச்சம் எப்போதும் ஒரே மாதிரி. சற்றே கண் அசந்தால் நர்ஸ் வந்து எழுப்புவாள். பெயர் என்ன, எந்த ஊர், கையைத் தூக்குங்க. நான் பதில் சொல்லத் தாமதித்தால் அவள் முகத்தில் ஒரு சந்தேகம் வரும். அதற்குப் பயந்தே விழித்துக் கிடந்தேன். எதிர்க் கட்டிலில் ஒருவரைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். திரை விலகியபோது கட்டில் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பினால் சுற்றல் வரும். ஆகவே பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

வீக்கம் ஓரளவோடு நின்றது. மண்டையைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. பொது வார்டுக்கு மாற்றினார்கள். அங்கேதான் என் தங்கை ஜமீலாவும் அவள் வீட்டுக்காரர் காஜாவும் தினமும் வந்தார்கள். காஜாவுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடை. தண்ணீராக எதைக் குடித்தாலும் எனக்குப் புரை ஏறியது, விழுங்கும் தசைகளுக்கும் அளவு தப்பியிருந்தது. கூழாக உள்ளதைத்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். காஜா சிறுமலை வாழைப்பழமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வருவார். கிண்ணத்தில் போட்டு, கட்டி இல்லாமல் மசித்து, ஸ்பூனை ஜமீலாவிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். ஊட்டப்படுவதை ஆண்பிள்ளை ஒருவர் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

"மதினி, அடுத்த தடவை வரும்போது நீங்களே உரிச்சுத் தின்னணும்" என்பார் சுவரைப் பார்த்தபடி.

பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா நினைவில்லாமல் கிடந்தார். அவருடைய மகள் முத்துலட்சுமி, வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கிறவள், கல்யாணமாகாதவள். மில் பஸ்ஸில் போய் ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வருவாள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். எனக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்து வைப்பாள். ஒரு நாள் பிற்பகல் டாக்டர்கள் அவளை வெளியே கூப்பிட்டுப் பேசினார்கள். திரும்பி வந்தவள், அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.

எத்தனையோ மகள்களின் அருகில் நின்றிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கையை நீட்டி அவள் தோளைத் தொடப் போனேன். தொண்டையில் ஏதோ கிளம்பியது. இருமல் என்று நினைத்தேன். வாய் திறந்ததும் சிரிப்பு வந்தது. உரக்க, வயிறு குலுங்க, நல்ல வேடிக்கை ஒன்றைக் கேட்டவள் சிரிக்கும் சிரிப்பு. நிறுத்தப் பார்த்தேன், இன்னும் ஏறியது. கண்ணில் நீர் வழிந்தது. வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

முத்துலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை. "எதுக்குக்கா சிரிக்கிறீக?" என்று மட்டும் கேட்டாள்.

சலீம் எழுந்து அவளிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பா நெனைக்காத தாயி, அவளுக்கு உடம்பு சரியில்ல." பிறகு என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "நூரு, நிறுத்து" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியது கிடையாது. சிரிப்பு தானாக, வந்ததுபோலவே, அறுந்து நின்றது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று முத்துலட்சுமியின் அம்மாவை மறுநாள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகும்போது அவள் என் பிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பி வைத்துவிட்டுத்தான் போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அது அடிக்கடி வந்தது. பக்கத்தில் யாராவது முகம் சுளித்தால், ஊசி குத்தினால், ஆயிஷா கண்ணைத் துடைத்தால் சிரித்தேன். சில சமயம் டீ வருகிறது என்று சொன்னாலே தேம்பித் தேம்பி அழுதேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, அதைச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று முடிவு செய்துகொண்டேன். சலீமின் அக்கா ஒரு தாயத்தைக் கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைத்தார்.

டாக்டர்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். "அந்தச் சிரிப்பு வரும்போது உங்களுக்குச் சந்தோஷமா இருக்கா?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "இ-ல்-ல" என்றேன்.

"அழும்போது?"

அதற்கும் இல்லை என்றேன்.

அவர் சலீமையும் ஆயிஷாவையும் பக்கத்தில் கூப்பிட்டார். "நல்லாக் கேட்டுக்கங்க. சிறுமூளை தனியா உக்காந்து வேலை செய்யிற உறுப்பு இல்ல. பெருமூளையோட அநேகமா எல்லாப் பகுதிக்கும் அதுக்கு நரம்புப் பாதை இருக்கு. பெருமூளை ஒண்ணை நெனைச்சா, அந்தச் சேதி கீழ இறங்கி பான்ஸ்னு ஒரு இடத்துக்கு வரும். அங்கிருந்து எதிர்ப்பக்கம் மாறி சிறுமூளைக்குள்ள போகும். சிறுமூளை அதுல கூடுதல் குறைச்சலைத் திருத்தி, தலாமஸ்ங்கிற இடம் வழியாத் திரும்பவும் பெருமூளைக்கே அனுப்பும். இப்படிப் போறதும் வர்றதும் ஓயாம நடக்கும். கையை நீட்டுறதுக்கு மட்டும் இல்ல. பேச்சு, யோசனை, ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணை வரிசையாச் செய்யிறது, சிரிப்பு, அழுகை எல்லாத்துக்கும் இந்த மாதிரிப் பாதை இருக்கு. இந்த இடத்துல சிரிக்கலாமா, எம்புட்டு சிரிக்கலாம்னு அளவு வெக்கிறதுல சிறுமூளைக்கும் பங்கு உண்டு. இவங்களுக்கு அடைப்பு வந்தது சிறுமூளையில கொஞ்சம், பான்ஸிலிருந்து அதுக்குள்ள போற தண்டுல கொஞ்சம். அந்தச் சேதி இப்பச் சரியாப் போய்ச் சேரலை."

"அப்ப அம்மா மனசுக்குள்ள எப்பிடி இருக்காக?" என்று கேட்டாள் ஆயிஷா.

"மனசு அவங்க மனசுதான். முகத்துல வர்றதுதான் அதோட ஒட்டலை. இதை நாங்களும் முழுசாப் புரிஞ்சுக்கிட்டோம்னு சொல்ல மாட்டேன்."

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரை ஒன்றைச் சிறிய அளவில் எழுதித் தந்தார். இதற்கும் அது கேட்கும், ஆனால் சில வாரங்கள் ஆகும் என்றார். அந்த மாத்திரையைப் போட்டால் நான் அழ வேண்டிய இடத்தில் அழுதுவிடுவேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

நாலு கால் ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தேன். வந்த சில நாட்களில், மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்னால், காஜா மௌத்தானார். காலையில் மார்க்கெட்டில் பழக்கூடை இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. ஜமீலாவைவிட ஐந்து வயதுதான் மூத்தவர்.

சலீம் என் முன்னால் உட்கார்ந்தார். "நீ வரணுமா? செத்த யோசிச்சுப் பாரு நூரு. அங்க போயி..." முடிக்கவில்லை.

"அவ... என்... தங்... கச்சி" என்றேன்.

"நான் பக்கத்துலயே இருக்கேன் அத்தா" என்றாள் ஆயிஷா.

துப்பட்டியை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொள்ளலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். ஆட்டோவில் போகும்போது உண்மையாகவே நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. அந்த மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கண்ணுக்குள் நின்றது. என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

கூடம் நிறையப் பெண்கள். ஜமீலா நடுவில் சுவரில் சாய்ந்திருந்தாள். ஆயிஷா என்னை எதிரில் உட்காரவைத்தாள். என்னைப் பார்த்ததும் ஜமீலா "அக்கா" என்று கத்திக்கொண்டு தவழ்ந்து வந்து என் மடியில் விழுந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் என் கை தானாக அவள் முதுகுக்குப் போயிருக்கும். இப்போது தொண்டையில் அது கிளம்பியது. துப்பட்டியைக் கடித்தேன். துணிக்குள்ளிருந்து முதலில் முனகல்போல வந்தது, பெண்கள் அழுகை என்றே நினைத்திருப்பார்கள். பிறகு துணி நழுவியது.

கூடம் அடங்கிவிட்டது. என் சிரிப்பு மட்டும் கேட்டது. ஜமீலா மெல்லத் தலையைத் தூக்கி, என் முகத்தை மிக அருகிலிருந்து பார்த்தாள்.

"சிரிக்கிறியா?"

"சின்னம்மா, அது சிரிப்பு இல்ல, அம்மாவுக்கு நோவு, டாக்டரே சொன்னாக" என்று ஆயிஷா அழுதாள். ஜமீலா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"இவளைக் கூட்டிட்டுப் போ."

என்னை எழுப்பி நடத்தினார்கள். ஊன்றுகோல் எங்கோ இடறியது. வாசற்படியில் சிரித்துக்கொண்டே தடுமாறினேன். ஆண்கள் எல்லாம் வழிவிட்டு விலகி நின்றார்கள். ஆட்டோ திரும்பும் முனையில் சிரிப்பு நின்றது. அதன் பிறகுதான் என்ன நடந்தது என்று யோசிக்கவே முடிந்தது. ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுக்கும்போது நான் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜமீலா இத்தாவில் இருந்தாள். கணவர் போனபின் அந்த மாதங்களில் பெண் வெளியே வரமாட்டாள். ஆகவே அவள் என்னைப் பார்க்க வராததற்கு அதுதான் காரணமா, வேறா என்று எனக்குத் தெரியாது. நான் போயிருக்கலாம். யாரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. சலீம் போய்வருவார். "என்னயக் கேட்டாளா?" என்று நான் கேட்பேன். அவர் சட்டையைக் கழற்றி மாட்டுவதில் கவனமாக இருப்பார்.

மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டது. சிரிப்பு அநேகமாக நின்றுவிட்டது. அழுகை மட்டும் எப்போதாவது வரும். கோட்டின் மேல் நடக்கப் பழகுகிறேன், சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றப் பழகுகிறேன். தையல் மிஷினில் காலும் கையும் ஒத்துப்போவதில்லை, துணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. மிஷினை மூடி வைத்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை. எத்தனையாவது ரக்அத், அதாவது தொழுகையின் எத்தனையாவது சுற்று, என்பது நடுவில் தப்பிவிடுகிறது. மறதி இல்லை இது. ஒவ்வொன்றும் தெரிகிறது, வரிசைதான் நிற்பதில்லை. பின் தெருவில் ஒரு பெண் மௌத்தானபோது வேறு ஊரிலிருந்து ஆள் வரவழைத்துக் குளிப்பாட்டினார்கள். அந்த வீட்டுக்குத் தண்ணீர் லாரி வந்து நின்ற சத்தம் கேட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. இந்தக் கையிடம், இந்த முகத்திடம் யார் தன் தாயைக் கொடுப்பார்கள்? இனிமேல் எவ்வளவு தேறும் என்று டாக்டரிடம் கேட்டேன். முதல் சில மாதங்களில் தேறுவதுதான் அதிகம் என்றார். அந்த மாதங்கள் முடிந்துவிட்டன.

இத்தா முடிந்து ஒரு மதியம் ஜமீலா வந்தாள். இளைத்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து, கடையைக் கொழுந்தன் பார்த்துக்கொள்கிறார், ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்று ஏதேதோ பேசினாள். பிறகு கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீ வேணும்னு சிரிக்கலைன்னு எனக்குத் தெரியும். மச்சான் அம்புட்டும் சொன்னாரு. ஆனா கண்ணை மூடுனா அந்தச் சத்தம்தான்க்கா கேக்குது. அவரு மொகம் வர்றதுக்கு முந்தி அது வந்துருது."

துப்பட்டி முனையை விரலில் சுற்றிக்கொண்டே மேலே சொன்னாள்.

"அன்னைக்குக் காலையில சண்டை போட்டுட்டுத்தான் போனாரு. சும்மா, வெஞ்சனத்துல உப்பு இல்லைன்னு. திரும்பிப் பாக்காமயே போயிட்டாரு."

அவள் அதைச் சொன்ன நேரத்தில் என் கவனம் அடுப்பில் இருந்தது. குக்கரில் பருப்பு வைத்திருந்தது, ஆயிஷா கவனிக்கிறாளா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அழுகை வந்தது. ஓவென்று, தோள் குலுங்க, மூச்சு முட்ட. ஜமீலா திகைத்து எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அழுக்கா. நல்லா அழு."

இது அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "இ-து..." அதற்கு மேல் தேம்பல் விடவில்லை. காஜாவைப் பற்றிய துக்கம் எனக்குள் இல்லாமல் இல்லை. ஆனால் அது எங்கோ ஒரு பக்கம் கிடந்தது, இந்தக் கண்ணீர் வேறொரு பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. பிறகு டக்கென்று நின்றது. ஜமீலா அதைக் கவனிக்கவில்லை, அதற்குள் அவள் அழ ஆரம்பித்திருந்தாள். என் வலது கையை அவள் முதுகில் வைத்தேன். தட்டிக்கொடுக்கப் போனால் ஒரு தட்டு பலமாக விழுந்தது, அடுத்தது விழவே இல்லை.

"அன்னைக்கு உள்ளுக்குள்ள அழுதியாக்கா?" என்று என் தோளிலேயே கேட்டாள்.

"ஆமா" என்றேன். அது சத்தியம். அந்தச் சொல் முழுதாக வந்தது.

அவள் என் முகத்தைத் தன் துப்பட்டியால் துடைத்துவிட்டாள். "நாளைக்கு வாரேன், உனக்குத் தலை பின்னி விடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வந்தபோது இருந்த பாரம் அவள் முகத்திலிருந்து இறங்கியிருந்தது.

சமையற்கட்டு வாசலில் ஆயிஷா நின்றுகொண்டிருந்தாள். தெருக்கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் என் பக்கத்தில் வந்தாள். பிறகு கேட்டாள்.

"அம்மா, இப்ப அழுதது நெசமாவா?"

இல்லை என்று தலையசைத்தேன். ஆனால் இந்த நோவுக்குப் பிறகு என் தலை எந்நேரமும் இரண்டு பக்கமும் லேசாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் அசைத்ததை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. குக்கரை இறக்கி வைக்க உள்ளே போய்விட்டாள்.